புதுப்பித்த கட்டடத்துக்கு மறுபடி வாருங்கள்

கட்டட ஆற்றல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களை இடிக்காமல், ஆற்றல் செலவு குறையும்படி புதுப்பிப்பது என் தொழில். உங்கள் ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டித்தான் வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைக்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: வேலை முடிந்த கட்டடங்களுக்குத் திரும்பிப் போய் அளவெடுங்கள், அளந்ததை அப்படியே வெளியிடுங்கள்.

பல கட்டுரைகள் கணினி மாதிரியோடு, அதாவது கட்டடத்துக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கணினியில் போடும் கணக்கோடு, நின்றுவிடுகின்றன. சுவருக்கு இத்தனை சென்டிமீட்டர் வெப்பக்காப்பு (சூடு கடந்துபோகாமல் தடுக்கும் பொருள்), இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இத்தனை சதவீதம் மிச்சம் என்று முடிவுரை வந்துவிடுகிறது. அந்தச் சதவீதத்தை நம்பி ஒருவர் கடன் வாங்குகிறார்.

மாதிரி எங்கே சறுக்குகிறது என்பதை உங்கள் துறையே கண்டு சொல்லியிருக்கிறது. மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஜெர்மனியில் சுமார் 3,400 வீடுகளின் தரவை ஆராய்ந்து 2012-இல் எழுதினார்கள். வீட்டைச் சூடாக்க உண்மையில் செலவான ஆற்றல், கணக்கிட்டதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவு! குளிர் தாங்காத வீட்டில் இருப்பவர்களில் பலர் கட்டணத்துக்கு அஞ்சி ஓரிரு அறைகளை மட்டும் சூடாக்கிச் சமாளிக்கிறார்கள். மாதிரியோ வீடு முழுவதும் கதகதப்பாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. செலவே ஆகாத ஆற்றலை எப்படி மிச்சப்படுத்துவது? புதுப்பித்தபின் அதே குடும்பம் எல்லா அறைகளையும் சூடாக்கத் தொடங்கினால் மிச்சம் இன்னும் சுருங்கும். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். நடுங்கிக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் நிம்மதி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கட்டுரை தனித்தனியே சொல்ல வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது ஓதம், அதாவது சுவரில் சேரும் ஈரம். குளிர்ப் பிரதேசத்தில் பழைய செங்கல் சுவரின் உட்புறம் வெப்பக்காப்பு ஒட்டினால், அறையின் சூடு சுவருக்கு அவ்வளவாகப் போவதில்லை. சுவர் முன்பைவிடக் குளிர்ந்துவிடும். அறைக்காற்றின் ஈரம் இடுக்கு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தால் நீராகப் படியும். ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டுக் காற்றோட்டத்துக்கு வழி செய்யாவிட்டால் மூலைகளில் பூஞ்சை பிடிக்கும், சுவருக்குள் செருகிய மர உத்தரத்தின் முனை உளுத்துப்போகும். இவை தெரியவர ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஆய்வு நிதி தீர்ந்திருக்கும்.

இது முடியாத காரியமல்ல. பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை நடந்த ‘புரோப்’ ஆய்வுகள், மக்கள் புழங்கும் கட்டடங்களுக்கே போய் ஆற்றல் செலவை அளந்தன, பயன்படுத்துவோரின் கருத்தைக் கேட்டன, குறைகளையும் கட்டடத்தின் பெயரோடு வெளியிட்டன.

வேலைக்கு முன் ஓராண்டு மீட்டர் அளவு, பின் குறைந்தது இரண்டு ஆண்டு அளவு, சுவருக்குள் ஈரப்பத உணரி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வைத்து இடுக்குகளில் எவ்வளவு காற்று கசிகிறது என்று பார்க்கும் சோதனை, வேலைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை: இவற்றின் செலவை அடுத்த நிதி விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். எதிர்பார்த்த மிச்சம் வராத கட்டடத்தைப் பற்றிய கட்டுரையை இதழாசிரியர்கள் திருப்பி அனுப்பாதிருக்க வேண்டும். எங்களுக்கு அதிகம் கற்றுத்தருவது அதுதான். வீட்டுக்காரர்களிடம் பேசி அனுமதி வாங்கித் தருவதை என் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டடப் புதுப்பிப்புப் பொறியாளர் ஒருவர்