பழைய உறுப்புகள், புதிய கத்தி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதனால், அட்டை வெட்டும் உன் கத்திக்குக் காப்புரிமை கேட்டதற்கு வந்த ஆட்சேப அறிக்கையை, நீ அனுப்பியபடியே ஒரு வரி விடாமல் படித்தேன்.

ஸ்பிரிங் பழையது, தள்ளு பொத்தான் பழையது, இரண்டையும் சேர்ப்பது இத்தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றியிருக்கும் அதனால் காப்புரிமை தர முடியாது என்கிறார் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர். எனக்குக் கோபம்தான் வந்தது. செய்து முடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாமே எளிதாகத்தான் தெரியும். யோஷியோ ஒகாடாவை நினைத்துப்பார். 1956-இல் ஜப்பானில், மழுங்கிய நுனியை ஒடித்துப் போடும் கத்தியை உருவாக்கியவர். கண்ணாடிச் சில்லை உடைத்துப் புதுக் கூர் எடுப்பது பலருக்கும் தெரியும். கோடு போட்ட சாக்லேட்டை ஒடித்துத் தின்றவர்களும் ஏராளம். அந்த இரண்டையும் பிளேடில் சேர்த்துப் பார்க்க அவர் வர வேண்டியிருந்தது.

சட்டமும் உனக்கு முழுக்க எதிரி இல்லை. ஒன்று எவருக்கும் தோன்றக்கூடியதா என்று முடிவுசெய்ய, 1966-இல் ஜான் டீர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்கச் சொன்னவை இவை: முன்பு என்ன இருந்தது, இதில் என்ன வேறுபாடு, சாதாரணத் தொழிலாளியின் திறமை எவ்வளவு. நெடுநாள் தேவை, மற்றவர்களின் தோல்வி, விற்பனை வெற்றி ஆகியவற்றையும் பார்க்கலாம் என்றது. 2007-இல் கே.எஸ்.ஆர். வழக்கு வாகனப் பெடல் பற்றியது. அதற்குப் பிறகு காப்புரிமை கேட்பவருக்குக் கடினம்தான். சாதாரணத் தொழிலாளிக்கும் கொஞ்சம் கற்பனை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உறுப்புகள் தனித்தனியே பழையவை என்று காட்டினால் மட்டும் போதாது, அவற்றைச் சேர்க்கக் காரணம் வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. உன் பரிசோதகர் அந்தக் காரணத்தை எங்கே சொல்லியிருக்கிறார்? நான் தேடியவரை இல்லை.

ஆகவே பதிலில் அதைத்தான் பிடி. பரிசோதகர் காட்டும் பழைய கத்திகளில் பொத்தானை விட்டால்தான் பிளேடு உள்ளே போகும். உன்னுடையதில் விரல் பொத்தானிலேயே இருந்தாலும், அட்டையை விட்டு விலகியதும் பிளேடு உள்ளே போய்விடுகிறது. கை வெட்டுப்படுவது அந்த நொடியில்தானே! விற்பனைக் கணக்கையும் சேர்க்கலாம். ஆனால் வாங்கியவர்கள் இந்த அம்சத்துக்காகவே வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும், விலைக்காக என்றால் பயனில்லை.

அப்புறம், உரிமைக் கோரிக்கையை, அதாவது எதற்கெல்லாம் காப்புரிமை கேட்கிறாய் என்று சொல்லும் பகுதியை, ரொம்ப அகலமாக எழுதாதே. 1913-இல் பிரிட்டனில் ஜில்லெட் ரேஸர் வழக்கில் நீதிபதி மோல்டன் பிரபு காட்டிய வழி எதிராளிக்கு எப்போதும் திறந்திருக்கிறது: "நான் செய்வது பழையதிலிருந்து எவருக்கும் தோன்றக்கூடியது. அதுவும் உன் கோரிக்கைக்குள் வருமென்றால் உன் காப்புரிமையே செல்லாது."

பதில் அனுப்பத் தந்திருக்கும் மூன்று மாதக் கெடுவைத் தவறவிடாதே. கட்டணம் கட்டினால் ஆறு மாதம் வரை நீளும், ஆனால் வீண் செலவு. வரைபடங்களையும் பழைய கத்திகளின் படங்களையும் இந்த வாரமே அனுப்பு, பதிலைச் சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
ராகவன்