காடை வளர்க்க விரும்பும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பணி ஓய்வுக்குப் பிறகு கொல்லைப்புறச் சாய்ப்பில் கறிக்கும் முட்டைக்குமாகக் காடை வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வளர்க்கலாம். ஆனால் முட்டையை நோக்கமாக வைத்துத் தொடங்கு. கறி அதன் கூடவே வந்து சேரும் என்பதுதான் சில ஆண்டுகளாகக் காடையோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

அதற்குக் காரணம் கணக்குதான். ஒரு காடை ஐந்து வாரத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ தீவனம் தின்று 180 முதல் 200 கிராம் வரை எடை வரும். உரித்துச் சுத்தம் செய்தால் 130 கிராம் அளவுக்குக் கறி தேறும். முப்பது காடை வளர்த்தாலும் நான்கு கிலோ கறிதான் கிடைக்கும். குஞ்சு விலையையும் தீவன விலையையும் கூட்டிப் பார்த்தால் கடைக் கோழியைவிட இது மலிவாக இராது. முட்டையின் நிலை வேறு. பெட்டைகள் ஆறு, ஏழு வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கி, நன்கு பராமரித்தால் ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் தரும். முட்டை ஒன்று 10 முதல் 12 கிராம் இருக்கும் என்பதால், ஐந்து காடை முட்டை ஒரு கோழி முட்டைக்குச் சமம். இருபது பெட்டைகள் இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் பதினான்கு முட்டை எடுக்கலாம். உங்கள் நால்வருக்கு அது போதும். அவற்றுக்குத் தீவனம் மாதத்துக்குப் பதினேழு கிலோ அளவில் செலவாகும்.

ஆகவே, ஆண் பெண் பிரிக்காத ஒரு நாள் வயதுக் குஞ்சுகளில் ஐம்பதை வாங்கு. மூன்றாவது வாரத்தில் நெஞ்சு இறகைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்: ஆணுக்குச் செம்பழுப்பாகவும், பெட்டைக்குச் சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகளோடும் இருக்கும். ஆண்களை ஐந்து வாரத்தில் சமையலுக்கு எடுத்துக்கொண்டு பெட்டைகளை முட்டைக்கு வைத்துக்கொள். ஆண் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். கரு இல்லாத அந்த முட்டை கெடாமல் கூடுதல் நாள் இருக்கும். ஆண் காடைகள் இரவிலும் கத்தும் வழக்கமுள்ளவை. அவை போய்விட்டால் பக்கத்து வீட்டாருக்கும் தொந்தரவு இராது.

எந்தக் காடை என்றும் கேட்டிருந்தாய். நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974ஆம் ஆண்டில்தான் அது நம் நாட்டுக்கு வந்தது. எங்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவான நாமக்கல் காடை-1, சென்னையில் உருவான நந்தனம் காடை வகைகள் எல்லாம் அதன் வழியில் வந்தவை. நம் வெயிலுக்கு ஒத்துப்போகின்றன. வயலில் கண்ணி வைத்துப் பிடித்த காடையை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதே. காட்டுக் காடைகளுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, வயல்வெளியில் அவற்றின் குரல் அருகிவருவதைக் கேட்டு வருந்துகிறவர்கள் நாம்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது முதல் இரண்டு வாரங்களைப் பற்றி. பொரித்த குஞ்சின் எடை ஏழு, எட்டு கிராம்தான். அவ்வளவு சிறிய உடலால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. வளர்ப்பில் சாவு பெரும்பாலும் இந்த நாட்களில்தான் நேர்கிறது. தகரத்தாலோ அட்டையாலோ மூலையில்லாத வட்டத் தடுப்பு அமைத்துக்கொள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும். ஐம்பது குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துவா. ஆனால் வெப்பமானியைவிடக் குஞ்சுகளையே நம்பு. பல்புக்கடியில் அவை குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை. வாயைத் திறந்தபடி ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு மிகுதி. வட்டம் முழுவதும் பரவி மேய்ந்தால் எல்லாம் சரி. உங்கள் ஊரில் இரவில் மின்சாரம் போகும் என்பதால், மாற்று ஏற்பாடு செய்யாமல் குஞ்சு வாங்காதே.

தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளையோ கூழாங்கற்களையோ நிரப்பி வை. இல்லாவிட்டால் ஆழமில்லாத தண்ணீரிலும் குஞ்சு மூழ்கிச் சாகும். தரையில் வழுவழுப்பான செய்தித்தாளைத் தனியாக விரித்தால் கால் வழுக்கி விரிந்து ஊனமாகிவிடும். மேலே சாக்குத் துணி போடு. தீவனத்தில் புரதம் குறையக் கூடாது. காடைத் தீவனம் கிடைக்காவிட்டால், கறிக்கோழிக் குஞ்சுகளுக்கான முதல்நிலைத் தீவனத்தை இன்னும் பொடியாக உடைத்துக் கொடுக்கலாம். முட்டைப் பருவத்தில் கிளிஞ்சல் தூளும் சேர்க்க வேண்டும்; ஓடு உறுதிப்பட அதுவே வழி.

இரண்டு வாரம் கடந்துவிட்டால் கவலை பாதியாகக் குறையும். வளர்ந்த காடை ஐந்துக்கு ஒரு சதுர அடி இடம் போதுமென்று சொல்வார்கள்; வீட்டில் வளர்ப்பவர்கள் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கூண்டின் உயரம் ஓரடிக்குள் இருக்கட்டும். மிரண்டால் காடை செங்குத்தாக எழும்பும். உயரம் அதிகமிருந்தால் வேகமெடுத்து மேலே மண்டையை மோதிக்கொள்ளும். எலியும் பாம்பும் நுழையாதபடி கம்பிவலைக் கண்ணி சிறியதாக இருக்க வேண்டும். எச்சத் தட்டை நாள்தோறும் எடுத்துக் கொட்டு. அதன் நெடி கடுமையானது, ஆனால் மக்கவைத்தால் கீரைப் பாத்திக்கு அருமையான உரம். முட்டைக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால், மாலையில் ஒரு விளக்கை நாலு மணி நேரம் எரியவிடு.

உன் வீட்டில் நாட்டுக்கோழிகள் மேய்வதாக நினைவு. காடைக்கு நோய் குறைவுதான். தடுப்பூசியும் பெரும்பாலும் போடுவதில்லை. ஆயினும் கோழியோடு சேர்த்து வைக்காதே. ஒன்றின் சளியும் குடல்நோயும் மற்றதற்கு எளிதில் தொற்றும்.

இன்னொன்று. ஜப்பானியக் காடை அடைகாக்கும் குணத்தை இழந்துவிட்டது; கருவுள்ள முட்டை பொரிய பதினேழு, பதினெட்டு நாள் பொரிப்பானில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் உனக்கு அது வேண்டாம். ஓராண்டுக்குப் பிறகு முட்டை குறையும்போது புதுக் குஞ்சு வாங்கிக்கொள்ளலாம். காடையையும் கொடுத்து, வளர்ந்ததைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்கள் வருவார்கள். அவர்களிடம் பணம் கட்டாதே. காடை முட்டை ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்ற பேச்சையும் நம்பி அம்மாவின் மருந்தை நிறுத்திவிடாதே. அது நல்ல உணவு, அவ்வளவே.

சாய்ப்பின் நீள அகலத்தையும் சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதையும் எழுது. கூண்டை இங்கே தெரிந்த பட்டறையில் அளவு சொல்லிச் செய்து அனுப்புகிறேன். ஐப்பசி மழை ஓய்ந்து தை பிறந்ததும் குஞ்சு எடுத்தால் உங்கள் பக்கத்துக்கு வசதியாக இருக்கும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்