ரேடியோவில் பழுதில்லை, ஆச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி டவுன் பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். கையில் மஞ்சப்பை, அதற்குள் துண்டில் சுற்றிய பிலிப்ஸ் செட். காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் நான் வைத்திருப்பது ரேடியோ ரிப்பேர் கடை. பெயர்தான் ரேடியோ, சோறு போடுவது மிக்ஸியும் கிரைண்டரும். நிஜ ரேடியோ ஒன்று கடையேறி மாதக்கணக்காகிறது என்பதால் எழுந்து நின்றே வாங்கினேன்.

"பாட்டெல்லாம் நல்லாத்தாம்ப்பா வருது. காலையில பேசுற அந்தப் புள்ள மட்டும் வரமாட்டேங்குது. அஞ்சு நாளாச்சு. முள்ளு நகந்துருச்சான்னு பாரு."

முள் நகரவில்லை. அந்தப் புள்ள வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது எனக்கு அதற்கு முன்னாலேயே டீக்கடையில் தெரிந்துவிட்டது. ஆச்சியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. "வச்சுட்டுப் போங்க ஆச்சி, பாத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். 1978இல் பதினைந்து வயதில் கையாளாக இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். நன்றாக இருக்கிற செட்டைப் பழுது என்று வாங்கி வைத்தது இதுதான் முதல் தடவை.

அந்த வானொலியின் பெயரை நான் எழுதவில்லை. எங்கள் வட்டாரத்தில் காலை ஆறு மணிக்குச் செட்டைத் திருப்புகிறவர்களுக்கு எழுதாமலே தெரியும். ஆறிலிருந்து எட்டு வரை அந்தம்மா பேசுவார். புதுவயல் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். பஸ் காலை வாரிவிட்ட நாளில் அதையும் மைக்கில் சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொல்வார். வயதானவர் கூப்பிட்டால் "சொல்லுங்க அப்பத்தா", பையன் கூப்பிட்டால் "பள்ளிக்கூடம் போகலையா?" பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டுப் பேச ஆரம்பிக்கிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. அதற்காக நானே இரண்டு தடவை போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் கேட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மழை மாட்டின் ஒரு கொம்பில் பெய்தால் மறு கொம்பில் பெய்யாது. அந்தம்மா ஒரே ஒரு கேள்வியைப் போடுவார்: "எங்கெங்க மழை?" அவ்வளவுதான். கண்டனூரில் தூறல் என்று ஒருவர், பள்ளத்தூரில் தெருவில் தண்ணீர் ஓடுகிறது என்று ஒருவர், கானாடுகாத்தானில் சுள்ளென்று வெயில் என்று இன்னொருவர். கால் மணி நேரத்தில் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்கிறவனுக்கே விளங்கிவிடும். ஒரு நாள் ஓர் ஆச்சி, "வளவுல மோர்மிளகாய் காயப்போட்டிருக்கேன், எடுக்கவா வேணாமா?" என்றார். "எடுத்துருங்க ஆச்சி, பள்ளத்தூர்ல பிடிச்சிருச்சு, அடுத்தது உங்க ஊருதான்." எந்த ஊருணிக்கு வரத்து வந்தது, எந்தக் கண்மாய் மடை திறந்தது என்பதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

ரேடியோ என்றால் பாட்டுப் போடுகிற பெட்டிதானே, செய்தி சொல்லத்தான் அவர்களுக்கு அனுமதி கிடையாதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாதிதான் சரி. தனியார் பண்பலையும் சமுதாய வானொலியும் தாங்களாகச் செய்தி தயாரித்து வாசிக்க முடியாது. ஆகாசவாணிச் செய்தியைக் கை வைக்காமல் அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. ஆனால் மின்தடை, குடிநீர், வானிலை, போக்குவரத்து, உள்ளூர்த் திருவிழா, தேர்வு, வேலைவாய்ப்பு, நோய் எச்சரிக்கை இவற்றையெல்லாம் அரசின் விதியே செய்திக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. தாராளமாகச் சொல்லலாம். அந்தம்மா குடியிருந்தது அந்தச் சந்துக்குள்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் குன்றக்குடியைத் தாண்டி எதுவரை போயிருக்கிறார்கள் என்பதைக்கூட நடக்கிறவர்களே போன் செய்து சொல்ல வைத்தார்.

தப்பும் நடந்திருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வியாழக்கிழமை என்பதை ஒரு தடவை செவ்வாய் என்று வாசித்துவிட்டார். நான் அன்றைக்குத் தர வேண்டிய வேலையையெல்லாம் திங்கள் ராத்திரியே கண் விழித்து முடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை முழுக்கக் கரண்ட் இருக்கிற கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை முதல் வார்த்தையே மன்னிப்புதான்: "நேத்து என்னை நம்பி மாவு அரைச்சு வச்சவுங்க எல்லாம் திட்டுங்க, கேட்டுக்கிறேன்." ஒன்பது பேர் கூப்பிட்டுத் திட்டினார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அந்தத் தெருவுக்கு இந்தத் தெரு நீளும். உள்ளே பார்த்தால் பல வீட்டில் ஒரே ஒரு வயதானவர். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அப்படித் தனியாக இருக்கிற ஒரு பெரியவர் தினமும் ஆறே காலுக்கு வானொலிக்குப் போன் செய்து தேதியும் திதியும் சொல்லுவார். அந்தம்மாவுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார். ஒரு தடவை இரண்டு நாளாகப் போன் வரவில்லை. மூன்றாம் நாள், "அய்யா வீட்டுப் பக்கத்துல இருக்கவுங்க யாராச்சும் கொஞ்சம் எட்டிப் பாருங்க" என்றார். பக்கத்து வீட்டுப் பையன் ஓடியிருக்கிறான். பெரியவர் முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாராம். செல்லுக்கு ரீசார்ஜ் முடிந்துபோயிருந்தது. நாங்கள் கடையில் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கு முந்தைய பத்து நிமிஷம் நான் டெஸ்டரைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றதை யாரும் பார்க்கவில்லை.

நான் தொழில் பழகிய காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். கடல் பக்கம் என்பதால் எங்களுக்குத் திருச்சி எப்படியோ அப்படித்தான் இலங்கையும். "இலங்கை தெளிவா வரலை" என்று சொல்லியே பாதிப் பேர் செட்டைத் தூக்கி வருவார்கள். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். பிறகு தென்கச்சி சுவாமிநாதன். காலையில் அவர் 'இன்று ஒரு தகவல்' சொல்லி, கடைசியில் அந்தச் சிரிப்பையும் போட்டு முடிக்கிற வரை என் முதலாளி சால்டரிங் அயர்னைத் தொட மாட்டார். தென்கச்சியும் பண்ணை நிகழ்ச்சி வழியாக வந்தவர்தான், விவசாயி கேட்கிற மாதிரி பேசத் தெரிந்தவர். 2009இல் அவர் காலமானபோது என் முதலாளி அரை நாள் கடை சாத்தினார். குரலுக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அறுபதுகளில் வானொலி சொல்லிக் கேட்டு விதைத்த ஆடுதுறை 27க்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்துவிட்டது.

இப்போது காலை ஆறு மணிக்கு வருவது வேறெங்கோ பதிவு செய்த பேச்சு. போன புதன்கிழமை, "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு ஆபீசுக்கு லேட் ஆகுதா மக்களே?" என்றது. கடை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு பால்காரர், ஒரு நாய். "வீக்எண்ட் பீச்சுக்குப் போறீங்களா?" என்று அடுத்த கேள்வி. பேசுகிற பையன் கெட்டிக்காரன், குரலும் நல்ல குரல், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். மீடியம் வேவ் கடல் தாண்டி வரும். பண்பலை அப்படியல்ல, கோபுரத்தின் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும்தான் அது ஒழுங்காகப் போகும். அதாவது அந்தக் கோபுரத்தை நட்டதே இங்கே பக்கத்தில் இருக்கிறவர்களுக்காக. அதில் ஏற்றி அனுப்புகிற பேச்சு மட்டும் முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வர வேண்டுமா? அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அந்தச் சொத்தில் காலையில் இரண்டு மணி நேரத்தை ஊருக்கென்று ஒதுக்கச் சொல்வது பெரிய ஆசையாக எனக்குப் படவில்லை.

அந்தம்மா போனதில் எனக்குப் புகார் கிடையாது. சம்பளம் போதவில்லை என்கிறார்கள், வீட்டுச் சூழ்நிலை என்கிறார்கள், நிகழ்ச்சியையே மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். எதுவாகவும் இருக்கட்டும், வேலைக்கு வந்தவர் ஒரு நாள் போகத்தான் செய்வார். வெள்ளிக்கிழமை "நாளைக்குப் பார்ப்போம்" என்று முடித்தவர் சனிக்கிழமை இல்லை. அதன் பிறகு ஒரு வார்த்தை, ஒரு அறிவிப்பு கிடையாது. இங்கே துக்க வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவோம். நானும் போன் செய்து கேட்டேன். "நிகழ்ச்சி அட்டவணை மாறியிருக்கு சார், தொடர்ந்து கேளுங்க" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

நான் கேட்பது இரண்டு. அந்தம்மாவை ஒரே ஒரு காலை கூப்பிட்டு, அரை மணி நேரம் மைக்கைக் கொடுங்கள். போய்வருகிறேன் என்று அவர் சொல்லட்டும், சரி போய்வா என்று நாங்கள் சொல்கிறோம். அடுத்து, அவருடைய இடத்தில் இந்த மண்ணில் விடிகாலை எழுகிற யாரையாவது உட்கார வையுங்கள். பேச்சுத் திறமையெல்லாம் பிறகு வரும், எங்கெங்க மழை என்று கேட்கத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். ஐப்பசி வரப்போகிறது.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரன்,
காரைக்குடி.

பி.கு.: கோட்டையூரில் அந்த ஆச்சி வீட்டுப் பக்கம் யாராவது இதைப் படித்தால் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். செட்டில் பழுது ஒன்றுமில்லை. பேண்ட் சுவிட்சைத் துடைத்து, டயல் கயிறு தளர்ந்திருந்ததை மாற்றி வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். வரும்போது பெரிய பேட்டரி இரண்டு வாங்கி வரச் சொல்லுங்கள், கடையில் இருப்பு இல்லை.