நீல மையால் திருத்திய இலக்கம்

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற மாதம் என் பழைய காரின் காப்புறுதியைப் புதுப்பித்தேன். முகவர் தந்த சான்றிதழில் செசி இலக்கத்தின் (வாகனத்தின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) கடைசி எண் பிழை. 3 ஐ 8 ஆக்கி நீல மையால் அழுத்தி எழுதினார். ஒப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை. “இது போதும், ஐயா” என்றார். கந்தளாய் வீதியில் மறித்த பொலிஸாருக்கு அது போதவில்லை. தாளை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள்.

கையால் எழுதியதற்காக மட்டும் படிவம் செல்லாமற் போகாது. அச்சு வரியும் கையால் எழுதிய வரியும் முரண்பட்டால் கையால் எழுதியதற்கே முதலிடம் தருவது ஒப்பந்தங்களுக்குப் பொருள்கொள்ளும் பழைய மரபு. யார், எப்போது எழுதினார் என்பதில்தான் சிக்கல். ஒப்பமிட்ட பின் ஒருவர் தன்பாட்டில் சேர்த்த வரி மற்றவரைக் கட்டுப்படுத்தாது.

காப்புறுதி கேட்டுக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தை வெறுமையாக ஒப்பமிட்டு முகவரிடம் நீட்டுவது நம்மவர் வழக்கம் (நானும் செய்தவன்தான்). நிலாவெளிக்கு வாடகைக்கு ஓடும் வானுக்கு அவர் ‘சொந்தப் பாவனை’ என்று நிரப்பிவிட்டால், விபத்தன்று இழப்பீட்டை மறுக்க நிறுவனம் அந்த இரண்டு சொற்களைத்தான் தூக்கிப் பிடிக்கும்.

திருத்தம் வந்தால் புதிய சான்றிதழ் அச்சிட்டுத் தருவதில் நிறுவனங்களுக்கு என்ன சிரமம்? ஒரு தாள்தானே. எனக்கு அது கிடைக்க நான்கு முறை அலைய வேண்டியிருந்தது.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை