விழித்திரையை அளந்தவர்கள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இடக்கண்ணில் புரை நீக்கிக்கொண்டேன். கண்ணை வருத்தாதே என்று என் மருத்துவர் சொன்னார். அதே சொல்லை முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குச் சொல்லி வந்தவன் என்பதால் எனக்கு எதிர்த்துப் பேச வழியில்லாமல் போயிற்று. இப்போது எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. உன் கோபமும் தெளிவாகவே தெரிகிறது.

எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணைத் தாக்கும் வைரஸ் தொற்றுக்கு மருந்து சோதித்தவர்கள், ஒரு பகுதியினருக்கு மருந்து கொடுக்காமல் காக்க வைத்தது எந்த வகையில் நியாயம் என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சைட்டோமெகலோ வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடலில் அரவமின்றிக் குடியிருப்பது. எச்.ஐ.வி. தாக்குதலால், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான சிடி4 அணுக்களின் எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 50-க்குக் கீழே இறங்கும்போது அது தலைதூக்கி, விழித்திரையை வெண்மையாகவும் இரத்தக்கசிவோடும் அரித்துக்கொண்டு, காய்ந்த புல்லில் நெருப்பு ஊர்வதைப் போல ஓரத்திலிருந்து நகரும். அழிந்த விழித்திரை மீண்டும் முளைப்பதில்லை. மருந்துகள் வைரஸின் பெருக்கத்தை அடக்குமே தவிர அதை ஒழிப்பதில்லை. ஆகவே அந்த நாளில் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் அதைச் சாகும்வரை நிறுத்த முடியாது.

மருந்து எப்படி ஏற்றப்பட்டது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மார்பில் பொருத்திய நிரந்தரக் குழாய் வழியாக, முதல் சில வாரங்கள் ஒரு நாளில் பலமுறையும் பிறகு நாள்தோறும் சொட்டு மருந்தாக ஏற்ற வேண்டும். அந்தக் குழாயே கிருமிக்கு வாசலாகிவிடும். 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேன்சைக்ளோவிர் வெள்ளையணுக்களைக் குறைத்தது, எச்.ஐ.வி.க்கான சிடோவுடினும் அதையே செய்ததால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது கடினம். 1991-இல் வந்த ஃபாஸ்கார்னெட் சிறுநீரகத்தை வருத்தியதோடு இரத்தத்தில் கால்சியம் முதலிய உப்புகளின் அளவையும் குலைத்தது. இப்படிப்பட்ட மருந்தைத் தள்ளிப்போடுவதைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? தள்ளிப்போட்டதும் எல்லாருக்கும் அன்று. பார்வை மையத்தை விட்டு விலகி, விழித்திரையின் ஓரத்தில் மட்டும் புண் இருந்தவர்களையே அவ்வாறு சேர்த்தார்கள். அடிக்கடி பரிசோதித்து, புண் நகர்ந்தது தெரிந்ததும் மருந்தைத் தொடங்கினார்கள். ஃபாஸ்கார்னெட்டை வைத்து இவ்வகையில் நடந்த ஓர் ஆய்வில் 24 பேர்தான் இருந்தார்கள். காத்திருந்தவர்களுக்குப் புண் சராசரியாக 3 வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலும், உடனே மருந்து பெற்றவர்களுக்கு 13 வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலும் நகர்ந்தது. இவ்வளவு குறைந்த பேரை வைத்தே இவ்வளவு தெளிவான விடை கிடைத்ததற்குக் காரணம் அந்தக் காத்திருந்த பிரிவுதான் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உன் கேள்வியைவிட என்னை நெடுநாளாக உறுத்துவது வேறொன்று: இந்த ஆய்வுகளில் எதை அளந்தார்கள் என்பது. புண் 'நகர்ந்தது' என்று சொல்லும் உரிமை சிகிச்சை அளித்த மருத்துவருக்கு இல்லை. விழித்திரையைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து மாடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மையத்துக்கு அனுப்பினார்கள். யாருக்கு எந்த மருந்து என்று அறியாதவர்கள், பார்வை நரம்பு வட்டின் விட்டத்தில் பாதியளவு புண்ணின் ஓரம் நகர்ந்திருக்கிறதா என்று அங்கே அளந்தார்கள். நோயாளியின் எதிரே உட்கார்ந்து கண்ணுக்குள் பார்க்கும் மருத்துவரைவிடப் படங்கள் அந்த நகர்வை முன்னதாகவே காட்டிக்கொடுத்தன. எனக்கு இதில் வியப்பில்லை. என் நோயாளிகளின் கண்ணில் புண் நின்றுவிட்டதென்று நானே ஆசைப்பட்டுப் பார்த்த நாட்கள் உண்டு.

இத்தனை கவனத்தோடு அளந்தவர்களுக்கு 1991 அக்டோபரில் நேர்ந்ததைக் கேள். எய்ட்ஸின் கண் சிக்கல்களை ஆராய, அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் நிதியுதவியோடு அமைந்த 'சோகா' என்னும் ஆய்வுக்குழு, புதிதாக நோய் கண்ட 234 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கேன்சைக்ளோவிரும் மறு பிரிவுக்கு ஃபாஸ்கார்னெட்டும் கொடுத்து வந்தது. கண்ணைப் பொறுத்தவரை வேறுபாடே இல்லை. புண் நகர எடுத்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்குப் புண் நகர்ந்துவிட ஆன காலம், ஒன்றில் 56 நாள், மற்றொன்றில் 59 நாள். ஆனால் பத்தொன்பது மாதங்கள் கழிந்த நிலையில், தரவுகளைப் பார்த்துவந்த கண்காணிப்புக் குழு ஆய்வை நிறுத்தச் சொன்னது. கேன்சைக்ளோவிர் பெற்ற 127 பேரில் 66 பேர் இறந்திருந்தார்கள். ஃபாஸ்கார்னெட் பெற்ற 107 பேரில் 36 பேர். உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் முன்னதில் எட்டரை மாதம், பின்னதில் பன்னிரண்டரை மாதத்துக்குச் சற்று மேல்.

கண்ணைப் பற்றிக் கேட்டார்கள். உயிரைப் பற்றி விடை வந்தது. ஃபாஸ்கார்னெட் எச்.ஐ.வி.யையும் ஓரளவு அடக்கும் என்பது சோதனைக்குழாயில் தெரிந்திருந்தது. அப்பிரிவினர் எச்.ஐ.வி. மருந்தைச் சற்று அதிகமாக உட்கொள்ள முடிந்ததும் உண்மையே. ஆனால் வேறுபாடு முழுவதையும் அது விளக்கவில்லை. இன்னொரு திருப்பமும் உண்டு: தொடக்கத்திலேயே சிறுநீரகம் தளர்ந்திருந்தவர்களிடம் ஃபாஸ்கார்னெட்டின் இந்த மேன்மை காணப்படவில்லை. ஆகவே 'ஃபாஸ்கார்னெட்டே சிறந்தது' என்று ஒரே வரியில் எழுதிவைக்க மருத்துவர்களால் முடியவில்லை. நோயாளிகளோ அதைத் தாங்கிக்கொள்ளத் திணறினார்கள். நீளும் நான்கு மாதங்களும் சொட்டு மருந்துக் கம்பத்தின் அருகிலேயே கழியும் என்றால் அந்தக் கணக்கை யார் போடுவது?

பிறகு இதற்கு நேர்மாறான கதையும் நடந்தது. 1996-இல் அனுமதி பெற்ற, கேன்சைக்ளோவிரைக் கண்ணுக்குள்ளேயே மெல்லக் கசியவிடும் சிறு பொருத்தியை வைத்தபோது புண் நகர 221 நாள் ஆயிற்று. சிரைவழி மருந்துக்கு 71 நாள்தான். விழித்திரையை மட்டும் அளந்தால் போட்டியே இல்லை. ஆனால் மருந்து அந்தக் கண்ணை விட்டு வெளியே போகாததால், மறு கண்ணிலும் உடலின் பிற உறுப்புகளிலும் அதே வைரஸ் கூடுதலாகத் தலைகாட்டியது. காத்த கண்ணைப் படமெடுத்தவர்கள் மறு கண்ணையும் பார்க்கத் தவறாததால்தான் அது தெரிந்தது.

இந்த வழக்கெல்லாம் தீர்ப்புக்கு முன்பே கலைந்ததுபோல் ஆனது. 1996 முதல் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துகள் பரவ, புதிதாகக் கண் நோய் காண்பவர்களின் எண்ணிக்கை சரிந்தது. சிடி4 அணுக்கள் மீண்டவர்களில் பலர் கண்ணுக்கான மருந்தை நிறுத்தவும் முடிந்தது. மீண்ட நோயெதிர்ப்பே சிலரது கண்ணுக்குள் புதிய அழற்சியைக் கிளப்பியது வேறு கதை. மரபுச்செய்தியையே மறிக்கும் முறையில் செய்த முதல் மருந்தாகிய ஃபோமிவிர்சென் 1998-இல் அனுமதி பெற்றபோது அதற்கு நோயாளிகளே அரிதாகிவிட்டார்கள். பாவம், திருமணம் முடிந்த பின் வந்து சேர்ந்த நாதஸ்வரம் அது. விழுங்கும் மாத்திரையான வால்கேன்சைக்ளோவிர் தொடக்கச் சிகிச்சையில் சிரைவழி மருந்துக்கு ஈடாக நிற்கும் என்று 160 பேரை வைத்துக் காட்டிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. மார்புக் குழாயோடு பல மாதங்களைக் கழித்தவர்களுக்கு அந்த மாத்திரை கிடைக்கவே இல்லை.

நீ புள்ளியியல் கற்பித்தவன். முன்கூட்டியே குறித்த அளவுகோல் இரு மருந்துகளும் சமம் என்று சொல்லும்போது, வேறொரு எண்ணைக் காட்டி ஆய்வை நிறுத்திய அந்தக் குழுவில் நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பாய்? நான் நிறுத்தத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அது மருத்துவனின் கை. உன் பதிலை விரிவாக எழுது. இப்போது சிறிய எழுத்தையும் என்னால் படிக்க முடிகிறது.

அன்புடன்,
கதிரேசன்