செயலாளரின் ஆண்டறிக்கை

ஆயர் ஐயா அவர்களுக்கும், தலைவர் அவர்களுக்கும், சங்கத்தின் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற பொதுக்குழு தீர்மானித்தபடி, உண்மையுள்ள உக்கிராணத்துவம், அதாவது தேவன் நம்மிடம் ஒப்புவித்ததைப் பொறுப்போடு நிர்வகிப்பது என்பதையே இந்த ஆண்டின் தியானப் பொருளாக வைத்துக்கொண்டோம். மாதக் கூட்டம், வீட்டு ஜெபம், நோயாளிகள் சந்திப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் நான் கை வைக்கவில்லை.

வேதபாடத்தில் அதிக நேரம் பிடித்தது மத்தேயு 25. பயணம் போகும் எஜமானிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து வாங்கிய மூன்று ஊழியக்காரரை எல்லோருக்கும் தெரியும். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்று கணக்குப் போட்டதும் எல்லோரும் அசந்துபோனார்கள். 'பாவம், ஒன்றுதானே கிடைத்தது' என்று நாம் பரிதாபப்படுகிறவன் கையில் ஏறக்குறைய 20 வருஷக் கூலி இருந்திருக்கிறது! அவன் திருடவில்லை, தொலைக்கவில்லை, அப்படியே திருப்பிக் கொடுத்தான். அப்புறம் எஜமானுக்கு ஏன் கோபம் என்று இளைஞர்கள் விடாமல் கேட்டார்கள். "காசுக்காரரிடமாவது போட்டிருக்கலாமே என்றுதானே அவர் கேட்கிறார்? தன் தலை தப்பினால் போதும் என்று புதைத்துவிட்டான்" என்றார் மூத்த சகோதரி ஒருவர். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் உதவி நிதியில் இந்த முறையும் நல்ல மீதி. மீதி என்றால் கைதட்டுவது சங்கங்களின் பழக்கம். ஆனால் அதே ஆண்டில் மருத்துவ உதவி கேட்டு வந்த மனுக்கள் செயற்குழு கூடும்வரை காத்துக் கிடந்தன. யார்மேலும் குறை இல்லை, விதி அப்படி. அவசர மனுக்களை மூவர் குழு உடனே பார்த்து முடிக்கலாம் என்பது என் யோசனை.

சீக்கிரம் கொடுப்பதற்காகக் கணக்கைத் தளர்த்த வேண்டாம். எஸ்றா 8-ஐப் பாருங்கள்: ஆலயத்துக்கான வெள்ளியையும் பொன்னையும் எஸ்றா ஆசாரியர்களிடம் நிறுத்துக் கொடுக்கிறார், எருசலேம் சேர்ந்த நாலாம் நாள் மறுபடி நிறுத்து, மொத்த நிறையும் எழுதிவைக்கப்படுகிறது. எருசலேமின் பரிசுத்தவான்களுக்கான காணிக்கை விஷயத்தில் பவுலும் தனியாள் பொறுப்பை விரும்பவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). ஆகவே மூவரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த கூட்டத்தில் ரசீதுகளை வைக்க வேண்டும்.

நேரத்தையும் வரங்களையும் பற்றி ஒரு வார்த்தை. பார்வை குறைந்த பெரியவர் ஒருவரின் மருத்துவமனைச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, மாத்திரைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 'காலை', 'இரவு' என்று எழுதி ஒட்டிவருகிறார் நம் சகோதரர் ஒருவர். பொருளாளரின் ஏட்டில் இதற்குப் பத்தி கிடையாது. அதனால்தான் இங்கே பதிகிறேன்.

மூவர் குழு பற்றிய தீர்மானத்தின் நகல் உங்கள் இருக்கையில் இருக்கிறது. புதிய நிர்வாகிகள் தேர்தலுக்கு முன்பே அதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்