மண்பானை முத்திரையும் விளக்கெண்ணெயும்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு டூத் பிரஷ் வாங்கினேன். 'தாவர நைலான் இழை' என்று அட்டையில் பச்சை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஓர் இலையும் வரைந்திருந்தார்கள். தாவரம் என்றது ஆமணக்கை. எப்படிச் செய்கிறீர்கள் என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கிய மாதிரி ஒரு பதில் வந்தது. அதனால்தான் உங்களுக்கு இந்த மடல்.

விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். எரிசோடா சேர்த்து 250 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ச்சினால் அதன் 18 கார்பன் சங்கிலி அறுந்து, 10 கார்பன் கொண்ட செபாசிக் அமிலமும் 8 கார்பன் கொண்ட 2-ஆக்டனாலும் கிடைக்கும். முன்னது, இழையாகும் நைலான் 6,10 என்ற வகைக்குப் போகிறது. (அந்த நைலானின் மறுபாதி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அட்டை அதைச் சொல்லாது.)

சிக்கல் அதைக் காய்ச்சும் கொப்பரையில்தான். கலவை சோப்புக்கூழாக இறுகிவிடும். அதை இளக்க, பழைய முறையில் ஃபீனாலோ கிரெசாலோ, அதாவது நச்சுக் கரைப்பான், ஊற்றுவார்கள். அப்புறம் கந்தக அமிலம் விட்டுச் செபாசிக் அமிலத்தைப் பிரித்தால், சோடியம் சல்பேட் கரைந்த உப்புநீர் மிஞ்சும். ஃபீனாலும் கொஞ்சம் அதில் தங்கிவிடும்.

உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி நம் நாட்டில், அதிலும் குஜராத்தில், விளைகிறது. எண்ணெயாகவே கப்பலேற்றாமல் இங்கேயே பொருளாக்க வேண்டும் என்கிறோம். சரி. உப்புநீரும் இங்கேயேதான் தங்கும்.

மாற்று இருக்கிறது. ஃபீனாலுக்குப் பதில் திரவ பாரஃபினை வைத்து ஆய்வகங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். இன்னொரு தாவர எண்ணெயான சோயாவை எப்பாக்சியாக்கவும் (அதாவது அதன் மூலக்கூறில் ஆக்சிஜனைப் பிணைக்கவும்) கந்தக அமிலத்துக்குப் பதில் அயனிப் பரிமாற்றப் பிசினோ லைபேஸ் நொதியோ போதும். கூடச் சேர்க்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகிவிடும். நொதி விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.

வேதியியலாளர்கள் அனஸ்தாஸும் வார்னரும் 1998இல் வகுத்த பசுமை வேதியியலின் (கேடு குறைத்துப் பொருள் செய்யும் முறையின்) 12 விதிகளில், புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் 7ஆவது. கழிவே உண்டாகாமல் பார்ப்பது 1ஆவது. கம்பெனிகள் ஏழாவதிலிருந்து படிக்கத் தொடங்குகின்றன.

சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த பொருளுக்கு அரசு தரும், மண்பானைச் சின்னம் போட்ட ஈகோமார்க் முத்திரை 1991இலிருந்து இருக்கிறது; 2024இல் அதற்குப் புதிய விதிகளும் வந்தன. தாவர எண்ணெய்ப் பொருளுக்கு அதைத் தரும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கரைப்பான், கிலோவுக்கு எவ்வளவு உப்புநீர், அது எங்கே போகிறது? பதிலை அட்டையில் அச்சிடச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்றால் அந்த இலைப் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்